ஆபரேஷன்ஸ் என்பது என் பெயரில்லை

மின்னஞ்சல்களை எல்லாம் வேறொரு கம்பெனிக்கு மாற்றப்போகிறோம் என்று முதலாளியின் மகள் சொன்னபோது நான்தான் முதலில் தலையாட்டினேன். பழைய கம்பெனியோடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படம் இணைத்த மெயில் நாலு வந்தால் பெட்டி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஒருமுறை சரக்கு எந்த விமானத்தில் வருகிறது என்ற தகவலே அப்படித் திரும்பிப் போய், வாழையிலைக் கட்டுகள் சாங்கி விமான நிலையத்தில் கேட்பாரில்லாமல் கிடந்து ஓரமெல்லாம் கறுத்துவிட்டன. கடைக்காரர்களிடம் திட்டு வாங்கியது நான்.

எங்களுடையது பூ, வாழையிலை, வெற்றிலை, முருங்கைக்காய் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்து, சிங்கப்பூரில் தேக்காவிலும் மற்ற பேட்டைகளிலும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் அலுவலகம். கீழே அஞ்சடியில், கடைக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், எங்கள் காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மாடியில் நாங்கள் சிலபேர். சரக்கு வரவழைப்பதும் ஊர்க்காரர்களோடு பேசுவதும் என் வேலை. கணக்கு பார்ப்பது யாழ்ப்பாண வம்சாவளியைச் சேர்ந்த ஓர் அக்கா, என்னைவிடப் பல வயது மூத்தவர். முதலாளியை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பல தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். முழங்கால் தேய்ந்துபோனதும் பாய் பாசிர் ரிஸ் வீட்டோடு இருந்துவிட்டார். வங்கி உத்தியோகத்தை விட்டு வந்த அவருடைய மகள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிச் சீருடையில் வந்து என் மேசையில் வீட்டுப்பாடம் எழுதியவள். அதனால் மனத்துக்குள் இன்னும் "அவள்"தான். நேரில் "நீங்க".

தீபாவளி முடிந்து கூட்டம் அடங்கிய வாரம், அவள் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்.

"புதுசுல ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனித்தனியா மாசாமாசம் கட்டணும். மூணு போதும். சேல்ஸ், ஆபரேஷன்ஸ், அக்கவுண்ட்ஸ். ஆளுங்க பேர்ல இருக்கிறதையெல்லாம் குளோஸ் பண்ணிடலாம்."

"என் பேர்ல இருக்கிறது?"

"அதுவும்தான் அக்கா. இனிமே நீங்க ஆபரேஷன்ஸ்."

ஏதோ பதவி உயர்வு தருகிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதில் மற்றவர்களும் வருகிறார்கள், அவர்கள் பெயரையும் எழுதவில்லை, எல்லாருக்கும் ஒரே நியாயம். ஆனால் அந்தப் பெயர் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட் எச் போடுவோம் இல்லையா? சீனர்கள் அதைத் தங்கள் பெயர்களில் வரும் இசட் எச் என்று படிப்பார்கள். ஒருமுறை விமானச் சரக்குக் கூடத்தில் ஒரு பெரியவர் என்னை சீனாவிலிருந்து வந்த பெண் என்று எண்ணி மாண்டரினில் பேசத் தயாராகக் காத்திருந்தார். நான் போய் நின்றதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மலாய் ஆசிரியை ஒருவர் ழகரத்தை விட்டுவிட்டு மீதியைக் கூப்பிட்டார். தமிழர்களே பலர் லகரத்தைப் போட்டு வேலையை முடித்துக்கொள்வார்கள்.

பள்ளி முடித்து ஜூரோங்கில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். முதல் நாளே மேற்பார்வையாளர் என் அட்டையைப் பார்த்து, "தூ லாங் லா", ரொம்ப நீளம், என்றார். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர் ஒன்றை எழுதி என் சட்டையில் குத்திவிட்டார். யாருடைய பெயரோ அது. பக்கத்து வரிசையில் இன்னொரு பெண்ணுக்கும் அதே பெயர். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம், சில நாள் இரண்டு பேருமே திரும்பமாட்டோம், அதற்கும் திட்டு. திருமணத்தின்போது தொழிற்சாலைத் தோழிகள் கொடுத்த வாழ்த்து அட்டையில்கூட அந்த மூன்றெழுத்துதான். என் கணவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது? மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

பாயிடம் வேலைக்கு வந்த பிறகு கம்பெனிக்கு இணையத்தளம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு மின்னஞ்சல். எனக்குக் கிடைத்த முகவரியில் என் பெயர் முழுதாக இருந்தது. இசட் எச்சோடு, எந்த எழுத்தும் குறையாமல், அதன் பின்னால் கம்பெனியின் பெயர். திரையில் அதைப் பார்த்த கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் பெயரை வெட்டாமல் கேட்ட முதல் ஆள் பாய் என்று நான் எண்ணிக்கொண்டேன். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை அனுப்புகிறவரும், ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கைக்காய் அனுப்புகிறவரும், கும்பகோணத்து வெற்றிலைக்காரரும் அந்த முகவரிக்குத்தான் எழுதினார்கள். நிலக்கோட்டைக்காரர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார். "தங்கச்சி, இன்னைக்குப் பனி அதிகம், மல்லி கம்மி, கோவிச்சுக்காத" என்று. அவருடைய பெண் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண் எனக்குத் தெரியும். எனக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை ஆனது அவருக்குத் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

அதனால் அன்றைக்குக் கூட்டத்திலேயே சொன்னேன். "மத்தது எதுவானாலும் மாத்துங்க. என் பேரை எடுக்க வேணாம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, முன்னாடி இருந்த சேல்ஸ்மேன் ஞாபகம் இருக்கா? கஸ்டமர் எல்லாரும் அவர் பேருக்குத்தான் எழுதுவாங்க. அவர் போனப்போ பாதி பேர் கூடவே போயிட்டாங்க. வாப்பா எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு நான் பார்த்திருக்கேன். ஆளு போகலாம், வரலாம். கம்பெனி நிக்கணும்."

"நான் போறேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லிட்டுப் போறதில்லையே அக்கா."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தப்பில்லாத ஒன்றுக்காக நான் ஏன் என்னை அழித்துக்கொள்ள வேண்டும்? "எனக்குச் சம்மதமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

கணக்கு பார்க்கும் அக்கா அன்று மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார். "ஏன் பிள்ளை இப்பிடிக் குதிக்கிறீர்? என்ர பேரும்தான் போகுது. என்ர பேர் ஐ.சி. அட்டையில இருக்கு, கோயில்ல ஞானஸ்நானப் பதிவில இருக்கு. காணாதோ?"

"உங்களுக்குப் போதும். எனக்குக் காணாது."

"அப்ப குதியும்" என்று சொல்லி, தன் பொரியலில் பாதியை என் தட்டில் போட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. மாற்றுகிற வேலையைச் செய்ய வேண்டியவள் நான்தான். பழைய கம்பெனியின் கடவுச்சொற்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. அலுவலகத்தில் கணினியோடு அதிகம் மல்லுக்கட்டியவளும் நான்தான். புதிய கம்பெனி எங்களுக்கு உதவ ஒரு பெண்ணைத் தொலைபேசியில் ஒதுக்கியிருந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிற தமிழ்ப் பெண். நான் சுவா சூ காங்கில் இருப்பதைச் சொன்னதும், "ஐயோ, பக்கம் லா அக்கா! எல்.ஆர்.டி. ரயில் சத்தம் கேக்குதா?" என்று சிரித்தாள்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். முதலில் புது இடத்தில் கணக்குகளைத் திறக்க வேண்டும். பழைய இடத்தில் உள்ள மெயில்களை ஒவ்வொரு கோப்புறையாக அங்கே நகலெடுக்க வேண்டும். எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான், எங்கள் கம்பெனி பெயருக்கு வரும் மெயிலை இனிமேல் புது இடத்துக்குக் கொண்டுபோ என்று இணையத்துக்குச் சொல்லும் குறிப்பை மாற்ற வேண்டும். அதை மாற்றினாலும் உலகம் முழுக்கத் தெரிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். அதுவரை பழைய பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "அவசரப்பட்டுப் பழசை மூடிடாதீங்க அக்கா. நெறைய பேர் அங்கதான் சொதப்புவாங்க."

நான் சொதப்பவில்லை. ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. சம்மதமில்லை என்பதற்காக வேலையைக் கெடுக்கிற புத்தி எனக்கு இல்லை. என் பெட்டியில் இருந்தவை எல்லாம் ஆபரேஷன்ஸ் பெட்டிக்குள் "பழையவை" என்ற கோப்புறையில் போய் விழுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகை, பனி, பரீட்சை, அறுவைச் சிகிச்சை எல்லாம் ஒரு பச்சைக் கோடாக நகர்ந்து போயின.

கடைசியில் பழைய கணக்குகளை மூட வேண்டிய நாள் வந்தது. சேல்ஸ்மேன் விட்டுப்போனதை மூடினேன். அக்காவுடையதை அவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு மூடினேன். என்னுடையதை அழுத்தியதும் திரை கேட்டது: இந்தக் கணக்கை நீக்கவா? நீக்கினால் மீட்க முடியாது.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கண்ணாடி அறையில் இருந்த பாயின் மகளைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு. இது ஒண்ணு பாக்கி. நீங்க வந்து அழுத்துங்க."

"நீங்களே அழுத்துங்க அக்கா, ஒரு கிளிக்தானே."

"ஒரு கிளிக்தான். நான் அழுத்த மாட்டேன்."

அக்கா கால்குலேட்டரைத் தட்டுவதை நிறுத்தினார். அவள் எழுந்து வந்து, குனிந்து, என் பக்கம் பார்க்காமல் அழுத்தினாள். வரிசையில் இருந்து என் பெயர் போய்விட்டது. "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தவில்லை. அதை இன்றும் ஒரு மரியாதையாகவே நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடம். எதுவும் நடக்கவில்லை. புது முகவரிகளை அறிவித்து அவள் ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினாள். கீழே "ஆபரேஷன்ஸ் டீம்" என்று இருந்தது. நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். யாராவது குழம்புவார்கள், ஏமாற்று மெயில் என்று சந்தேகப்படுவார்கள், சரக்கு ஒருநாளாவது நிற்கும், பிறகு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. சரக்கு நிற்கவில்லை. மல்லிகை வந்தது. முருங்கைக்காய் வந்தது. வெற்றிலை முன்பைவிட நேரத்துக்கு வந்தது. பெட்டி நிரம்புகிற தொல்லையும் போயிற்று. புது கம்பெனி நல்ல கம்பெனி என்று நானே சொல்லவேண்டி வந்தது.

ஒரே ஒரு மாற்றம். நிலக்கோட்டையிலிருந்து வரும் மெயில்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. "டியர் சார்" என்று ஆரம்பித்து, எடையும் பெட்டிக் கணக்கும் எழுதி, "தேங்க்யூ சார்" என்று முடியும். பனி பற்றி ஒரு சொல் இல்லை. முதல் நாள் பார்த்தபோது அவருடைய ஆட்கள் யாரோ எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். வாரக்கணக்கில் அப்படியே வந்தது. நானும் "டியர் சார்" என்றே பதில் எழுதினேன். ஆபரேஷன்ஸ் டீம் வேறு எப்படி எழுதும்?

ஒருநாள் காலை வழக்கம்போல "டியர் சார்" வந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. ஆர்டரைத் தட்டச்சு செய்துவிட்டு, கீழே டீமை அழித்தேன். என் முழுப் பெயரை எழுதினேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, ழகரத்தோடு. அனுப்பினேன்.

அன்று தேநீர் நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது, பழையபடி ஆங்கில எழுத்தில் தமிழாக.

"தங்கச்சி நீதானா! உன்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். பழைய மெயிலுக்கு அனுப்பினேன், திரும்பி வந்துச்சு. கேட்டா புதுசா வந்திருக்கிற சாருக்கு சங்கடமா இருக்கும்னு கேக்கல. உனக்கு உடம்பு சரியில்லையோன்னுகூட நெனச்சேன்."

இரண்டு மூன்று முறை படித்தேன். அவர் என்னை மறக்கவில்லை. ஆனால் நான் போய்விட்டதாக நினைத்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, யாரோ ஒரு சாருக்குப் பூ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தினமும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, எனக்குத் துக்கம் அனுஷ்டித்திருக்கிறார். வெற்றிலைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பாரோ? அன்றே எல்லாருக்கும் என் பெயர் போட்டுப் பதில் எழுதினேன். ஒருவரையும் விடவில்லை.

ஆபரேஷன்ஸ் பெட்டியை எல்லாரும் பார்க்கலாம். மறுநாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, சிக்னேச்சர்ல டீம்னுதானே போடச் சொன்னேன்?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"நான் டீம் இல்லை. ஒரு ஆள்."

"வாப்பா கடையைப் பார்த்தப்போ நடந்த மாதிரியே எப்பவும் நடக்கணும்னா முடியாது அக்கா" என்றாள். "நீங்க இப்படிப் பண்ணினா மத்தவங்களும் பண்ணுவாங்க. அப்புறம் நான் சொல்றதுக்கு என்ன மரியாதை?"

பாயின் பேச்சை அவள் எடுத்ததால்தான் அவரிடமே போய்ப் பேசலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸுக்குப் போனேன். அங்கே போக எங்கள் பேட்டையிலிருந்து தீவையே குறுக்காகக் கடக்க வேண்டும். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். "பாய், நீங்க அன்னைக்கு என் பேரை முழுசாப் போட்டீங்க" என்று தொடங்குவதாக முடிவு.

பாய் பால்கனியில் முழங்காலுக்குச் சூட்டுப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். வட்டலப்பம் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அது இப்ப அவ கடைம்மா. நான் ஒண்ணு சொன்னா அவ தலை குனிய வேண்டியிருக்கும். நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம் பாய். ஆனா நீங்கதானே முதல்ல என் பேரை முழுசாப் போடச் சொன்னது? அது எனக்கு எவ்வளவு பெரிசுன்னு…"

பாய் நெற்றியைச் சுருக்கினார். "நான் சொன்னேனா?"

"நீங்கதான்."

"எனக்கு ஞாபகமில்லையேம்மா. அந்த வெப்சைட் போட்ட ஆளு ஸ்டாஃப் பேரெல்லாம் கேட்டாரு. சம்பளக் கணக்குல இருந்ததை அப்படியே எடுத்துக் குடுக்கச் சொன்னேன். அதுல எப்படி இருந்துச்சோ அப்படிப் போட்டிருப்பாரு. வேற என்ன?"

வேற ஒன்றும் இல்லைதான். வட்டலப்பத்தை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்ததும் முகம் சூடானது. இத்தனை வருடம் ஓர் ஆள் எனக்குச் செய்த மரியாதை என்று நான் பொத்தி வைத்திருந்தது, சம்பளக் கணக்கிலிருந்து எடுத்து ஒட்டிய வேலை. தானா மேராவில் கூட்டம் ஏறியது. பாய லேபாரில் இறங்கியது. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அங்கேதான் எனக்குத் தெளிந்தது. யாரும் யோசிக்காமல் கொடுத்தால் அது என்னுடையது இல்லையா? தொழிற்சாலையில் குத்திய மூன்றெழுத்தும் யோசிக்காமல் கொடுத்ததுதான். அதை நான் பேசாமல் சுமந்தேன். இதை நான் பேசாமல் விடவேண்டும் என்று என்ன சட்டம்? பாய் தந்த மரியாதை என்று கேட்டு வாங்க இனி வழியில்லை. வியாபாரத்துக்கு நல்லது என்று சொல்லவும் வழியில்லை, வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. இருக்கிற ஒரே காரணம் எனக்கு வேண்டும் என்பது. சரி, அதையே சொல்வோம்.

திங்கட்கிழமை அவளுடைய அறைக் கதவைத் தட்டினேன்.

"வாப்பாகிட்டப் போனீங்களாமே" என்றாள். குரலில் வருத்தம் இருந்தது.

"போனேன். அவங்க உங்களுக்கு எதிராப் பேச மாட்டேன்னுட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். இனிமே யார்கிட்டயும் போக மாட்டேன். உங்ககிட்டயேதான் கேப்பேன். என் பேர்ல எனக்கு மெயில் வேணும்."

"அக்கா, நீங்களே பாருங்க. பூ வந்துச்சா? இலை வந்துச்சா? எதாவது நின்னுச்சா?"

"நிக்கல. நான் இல்லாமலும் நடக்கும். அது எனக்கு இப்ப நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நிலக்கோட்டைக்காரர் நான் போயிட்டேன்னு நெனச்சாரு. போகும்போது போறேன். இங்க உட்கார்ந்திருக்கும்போது ஏன் போனவ மாதிரி இருக்கணும்?"

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். "என் பேரையும்தான் எடுத்துட்டேன். நானும் இப்ப சேல்ஸ்னுதான் எழுதுறேன்."

"அது உங்க இஷ்டம். நீங்க எடுத்தீங்க. என்னுடையதையும் நீங்கதான் எடுத்தீங்க."

கீழே யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு மெயில் ஐடிக்கு இவ்வளவா அக்கா?"

"ஒரு மெயில் ஐடிதானே? அப்ப குடுத்துடுங்க."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. "நான் முடியாதுன்னா? வேலையை விட்டுடுவீங்களா?"

"விட மாட்டேன். இங்கேயே இருந்து தினமும் கேப்பேன். தினமும் என் பேர் போட்டுத்தான் எழுதுவேன். நீங்க வேணும்னா என்னை அனுப்பிடுங்க. ஆனா அந்த பட்டனையும் நீங்கதான் அழுத்தணும்."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டில் பெரியவன் பாலிடெக்னிக் முடிக்கவில்லை, கணவருக்கு அந்த வருடம் ஷிஃப்ட் குறைத்திருந்தார்கள். அனுப்பிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அன்று அனுப்பிய ஒவ்வொரு மெயிலிலும் என் பெயர் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் குதிக்கிறீரோ?" என்றார். "கொஞ்சம் இருந்து குதியும், சாப்பாட்டு நேரமாச்சு."

இரண்டு நாள் அவள் என்னிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. மூன்றாவது நாள் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மறுமுனையில் புக்கிட் பாஞ்சாங் பெண்.

"நான் இவங்ககிட்டக் கேட்டேன்" என்றாள் என்னிடம். "புது அக்கவுண்ட் வேணாமாம். ஆபரேஷன்ஸுக்கே இன்னொரு பேர் வைக்கலாமாம். உங்க பேருக்கு வர்றது ஆபரேஷன்ஸ் பெட்டியில வந்து விழும். எல்லாரும் பார்க்கலாம். அது எனக்கு முக்கியம்."

"பார்க்கட்டும். ஒளிக்க என்ன இருக்கு? மல்லிகை விலைதானே."

"சரி. அனுப்பும்போது ஆபரேஷன்ஸ்னு போகும்."

"அது முடியாது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தொலைபேசியிலிருந்து குரல் வந்தது. "அனுப்புறதையும் அவங்க பேர்ல வைக்கலாம் மேடம். ஒரு டிக்தான். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்லை லா."

"அதை ஏன் நீங்க முதல்லயே சொல்லல?" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"யாரும் கேக்கலியே" என்றாள் புக்கிட் பாஞ்சாங் பெண். "மூணு அக்கவுண்ட் வேணும், மத்ததை டிலீட் பண்ணணும்னுதான் சொன்னீங்க."

பாயின் மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். நான் வேலையை விட்டுப் போகிற நாள் வந்தால், எல்லா ஊர்க்காரர்களுக்கும் நானே எழுதி, அடுத்து வருகிறவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். அது நியாயம். "சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். பிறகு புக்கிட் பாஞ்சாங் பெண் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டாள். நான் இசட் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே எச் வரை சொல்லி முடித்தாள். சரியாகச் சொன்னாள். தன் பெயரிலும் அது உண்டாம். அலுவலகத்தில் அவளை வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். "என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு தெரியல, நான் இதுவரைக்கும் எதுவும் சொன்னதில்லை அக்கா" என்றாள். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "சொல்லிப் பாரும்மா. திட்டுவாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

பழைய கணக்கு திரும்பவில்லை, அது போனது போனதுதான். இப்போது இருப்பது ஆபரேஷன்ஸின் மேல் ஒட்டிய என் பெயர். சட்டப்படி பார்த்தால் இரவல் வீடு. இருக்கட்டும். வெற்றிலைக்காரர் ஒருநாள் எழுதினார், "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு நெனச்சோம்" என்று. நான் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை என்று சற்றுக் காரமாகவே பதில் எழுதினேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் மட்டும் எதுவுமே கவனிக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை அவருக்கு எல்லாரும் "சார்"தான். அவரைத் திருத்த முயன்றேன். முடியவில்லை. கணக்கு பார்க்கும் அக்காவிடம், அவருடைய பெயரையும் அப்படிப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "எனக்கேன் பிள்ளை வீண் வேலை" என்று சொல்லிவிட்டார். அவர் அக்கவுண்ட்ஸாகவே நிம்மதியாக இருக்கிறார். அது அவருடைய உரிமை.

பொங்கல் வாரம் வந்தது. சந்து முழுக்கக் கரும்பும் மஞ்சள் கொத்தும், நடக்க இடமில்லை. ஊரில் மூடுபனியில் விமானம் தாமதம். கடைக்காரர்கள் மாடிப்படி வரை வந்து நின்று பூ எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பாயின் மகள் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அறையிலிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"அக்கா, நிலக்கோட்டைக்கு உடனே எழுதுங்க. நாளைக்கு ரெண்டு ஃப்ளைட்ல பிரிச்சு அனுப்பச் சொல்லுங்க. உங்க பேர்லயே அனுப்புங்க, அப்பதான் சீக்கிரம் பார்ப்பாரு."

"என் பேர்லதான் அனுப்பப்போறேன்" என்றேன் தட்டச்சு செய்துகொண்டே. "அவர் பார்ப்பாருங்கிறதுக்காக இல்லை."

"சரி சரி, அனுப்புங்க லா!" என்றாள் அவள். அனுப்பினேன்.